ஊட்டியிலிருந்து கப்பல் ஏறலாம், வாங்க!

மலையில் கடல் ஏது என்று கேட்காதீர்கள்! ஊட்டியில் காரைக் கிளப்பினால் சுமார் 280 கிலோமீட்டரில் கப்பல் நிற்கிறது. கொச்சி வில்லிங்டன் தீவில், எர்ணாகுளம் வார்ஃபில், 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்ட 'சாகரிகா' முனையம்தான் நமக்கான வாசல். 2240 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கி, நேராகக் கடலுக்குள்! நினைத்தாலே சிலிர்க்கிறது.

கொச்சிக்கு நம் மலைத் தேயிலை எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது. குன்னூரில் ஏலம் தொடங்கியது 1963இல்தான்; கொச்சியில் 1947இலேயே தேயிலை ஏலம் உண்டு. முனையம் இருக்கும் அந்தத் தீவோ இயற்கையானதல்ல. ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் துறைமுகத்துக்காகத் தூர்வாரினார். அள்ளிய மண்ணைக் கொட்டிக் கொட்டி எழுப்பிய நிலம் அது! 1928 மே 26 அன்று 'பத்மா' என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. நீங்கள் பெட்டியோடு நிற்கப்போவது அந்த மண்ணில்தான்.

சரி, புறப்படுவோம். என் முதல் வார்த்தை: கப்பல் கிளம்பும் நாளில் மலையை விட்டு இறங்காதீர்கள். முந்தின நாளே இறங்கிவிடுங்கள். துறைமுகத்தில் பறிபோகும் பயணங்களைவிடக் கொண்டை ஊசி வளைவில் பறிபோகும் பயணங்கள்தான் நமக்கு அதிகம். வெளிநாட்டுச் சொகுசுக் கப்பல்கள் இந்தியா பக்கம் வரத் தொடங்குவது அக்டோபரில். அதே அக்டோபரில்தான் நமக்கு வடகிழக்குப் பருவமழையும் வந்து இறங்குகிறது! ஓர் இரவு மழையில் குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால், கோத்தகிரி வழியாகச் சுற்ற வேண்டும்; அங்கேயும் மரம் விழுந்திருக்கலாம். கோடை சீசனில் போலீசாரே வழியை மாற்றுவார்கள்: ஏறும் வண்டிகள் பர்லியார், குன்னூர் வழி, இறங்கும் வண்டிகள் கோத்தகிரி வழி. கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு இந்தத் தலைவலியே வேண்டாம். நாடுகாணி, நிலம்பூர் வழியாகத் திருச்சூருக்கு இறங்கிவிடலாம்.

விடியற்காலையில் கிளம்பினால் முன்னால் கேரட் லாரிகள் போய்க்கொண்டிருக்கும். அவற்றை முந்தத் துடிக்காதீர்கள். இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். ஏறி வரும் வண்டிக்கு வழி விடுவது மலைச்சாலையின் சட்டம். பலாப்பழக் காலத்தில் பர்லியார், கல்லார் பக்கம் யானை நின்றால் ஹாரன் அடிக்காமல் தள்ளி நில்லுங்கள், அது நகரட்டும்! கல்லாரில் ஸ்வெட்டரைக் கழற்றலாம். அப்புறம் கோவை, வாளையார், பாலக்காடு, குதிரான் சுரங்கப்பாதை. ஃபாஸ்டேகில் பணம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். திருச்சூர் தாண்டியதும் அங்கமாலி, ஆலுவா நெரிசல் பொறுமையைச் சோதிக்கும். இரவு எர்ணாகுளத்தில் தங்கிவிட்டால் மறுநாள் காலை தீவுக்குப் பாலத்தைத் தாண்டினால் போதும்.

டிக்கெட்டில் ஒன்றை உற்றுப் பாருங்கள்: கப்பல் எங்கே முடிகிறது? கார்டீலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பல் கொச்சி, லட்சத்தீவு, மும்பை என்றும் ஓடியிருக்கிறது. கொச்சியில் காரை விட்டுவிட்டு மும்பையில் இறங்கி என்ன செய்வது? அப்படிப்பட்ட பயணத்துக்கு வாடகைக் கார்தான் சரி. இல்லையென்றால் கோவையிலிருந்து எர்ணாகுளத்துக்கு ரயில். சொந்தக் கார் என்றால், எத்தனை இரவு எங்கே நிறுத்தலாம் என்பதை முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.

இப்போது திரைக்குப் பின்னால்! காலை முகூர்த்தக் கூட்டம் கலைந்த மண்டபத்தை மாலை வரவேற்புக்குத் தயார் செய்வதுபோல, பழைய பயணிகள் இறங்கிய சில மணி நேரத்துக்குள் கப்பல் முழுக்கப் படுக்கை விரித்து, காய்கறி ஏற்றி, குப்பை இறக்கி முடிக்கிறார்கள். அதனால்தான் உங்களுக்கு ஏறும் நேரம் தனியாகக் குறித்துத் தருகிறார்கள். கப்பல் புறப்படுவதற்கு வெகு முன்பே ஏறும் வாசல் மூடிவிடும். வாசலில் பெரிய பெட்டியை வாங்கிச் சீட்டுக் கட்டி, ஸ்கேன் செய்து தனியே அனுப்புவார்கள். அது அறைக்கு வந்து சேர மாலையாகலாம். மருந்து, அடையாள அட்டை, குழந்தைக்கு மாற்று உடை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். இஸ்திரிப்பெட்டியை எடுத்துப் போகவே வேண்டாம், பிடுங்கி வைத்துவிடுவார்கள்.

கிளம்பும் நேரம் அறைக்குள் இருந்துவிடாதீர்கள், மேல்தளத்துக்கு ஓடுங்கள்! துறைமுகத்தின் பைலட் ஏறி வழிகாட்ட, இழுவைப் படகுகள் கூடவே வர, வலப்பக்கம் வல்லார்பாடமும் வைப்பினும் நழுவும். இடப்பக்கம் ஃபோர்ட் கொச்சியின் சீனவலைகள்!

திரும்பும்போது, கடைசி இரவே பெட்டியை அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். அவசரமென்றால் பெட்டியை நீங்களே சுமந்து முதல் ஆட்களோடு இறங்குங்கள். இரண்டு மணி நேரம் மிச்சம். அந்த நேரம் பொன்னானது, ஏனென்றால் பொழுது சாய்வதற்குள் மேட்டுப்பாளையத்தைத் தாண்ட வேண்டும். மூடுபனியில், களைத்த கண்களோடு மலையேறுவது ஆபத்து. இருட்டிவிட்டால் கீழேயே தங்குங்கள். நீலகிரிப் பதிவுள்ள டிஎன் 43 வண்டிக்குக் கவலையில்லை. வெளியூர் நண்பர்களின் வண்டியென்றால், நீலகிரிக்குள் நுழைய 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். கப்பல் ஏறும் முன்பே எடுத்துவிடச் சொல்லுங்கள். வழியில் வாங்கிய, மலையில் தடையுள்ள பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களையும் கல்லாருக்கு முன்பே தீர்த்துவிடுங்கள்.