பூவும் பழமும் ஓர் அறையில் வேண்டாம்



காஞ்சிபுரத்தில் பழ மண்டி நடத்தி வருபவன் நான். சொந்த ஊர் புள்ளலூர். 1780-ல் ஹைதர் அலியின் படையும் கும்பினிப் படையும் மோதிய ஊர் என்று சரித்திரத்தில் படித்திருப்பீர்கள். அங்கே எங்கள் வீட்டுத் தோட்டத்தில் ரோஜா, சாமந்தி, சம்பங்கி எல்லாம் உண்டு. காலையில் நாலைந்து காம்பு வெட்டி வந்து, கணக்கெழுதும் மேஜைமேல் ஜாடியில் வைப்பேன். "உங்கள் பூ மட்டும் எப்படி நாலைந்து நாள் வாடாமல் நிற்கிறது?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. அதைச் சொல்லுமுன் நான் செய்த ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும்.

1994-ல் என் தங்கைக்கு நிச்சயதார்த்தம். மேடை ஜாடிகளுக்காக ஊரில் ஒரு பெரியவரிடம் நீளக் காம்பு ரோஜா 200 சொல்லியிருந்தேன். முதல் நாள் மாலை வாளித் தண்ணீரில் நிறுத்தி, நல்ல பூவாகவே கொண்டுவந்து கொடுத்தார். குளுமையாக இருக்கட்டும் என்று மண்டியின் உள்ளறையில் வைத்தேன். அங்கே வாழைத்தார்கள் மூட்டம் போட்டுப் பழுத்துக் கொண்டிருந்தன. விடிந்து பார்த்தால் தரையெல்லாம் இதழ். மீதி மொட்டுகள் விரியாமல் தலை தொங்கிவிட்டன.

பழைய பூவைத் தலையில் கட்டிவிட்டார் என்று பெரியவரைப் பத்துப் பேர் முன்னிலையில் ஏசினேன். பாதிப் பணத்தைப் பிடித்துக் கொண்டேன். அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

மூன்று வருடம் கழித்து, வேளாண்மை படித்த உறவுக்காரப் பையன் ஒருவன் மண்டிக்கு வந்திருந்தான். பேச்சு வாக்கில் இந்தக் கதையைச் சொன்னேன். "வாழைத்தாரைப் பழுக்க வைப்பது எதுவோ, அதுதான் மாமா பூவைக் கொன்றது" என்றான்.

அதன் பெயர் எத்திலீன். கண்ணுக்குத் தெரியாத வாயு. மூட்டப் புகையிலும் உண்டு. பழுக்கும் பழமும் தானே வெளியிடும். 1908-ல் சிகாகோவில் குரோக்கர், நைட் என்ற இரு தாவர நிபுணர்கள், விளக்கெரிக்கும் வாயு கசிந்தால் கார்னேஷன் பூ மூடிக்கொள்வதற்கு அதிலுள்ள எத்திலீனே காரணம் என்று கண்டார்கள். பழுத்த ஆப்பிளிலிருந்து அதே வாயு வருகிறது என்பதை 1934-ல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் கேன் நிரூபித்தார். இன்று பழம் பழுக்க வைக்கும் அறைகளில் 100 பி.பி.எம். வரை எத்திலீன் விட அரசே அனுமதித்திருக்கிறது. நமக்கு லாபம் தரும் வாயு பூக்காரருக்கு நஷ்டம் தருகிறது.

மறுநாளே பெரியவர் வீட்டுக்குப் போய்ப் பிடித்த பணத்தைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். "போவட்டும் தம்பி. இனிமே பழத்துப் பக்கத்துல வைக்காதீங்க" என்றார். பிறகு திண்ணையில் உட்கார வைத்து, பூ வெட்டும் முறையையும் அவரே சொல்லிக் கொடுத்தார். அதைத்தான் இன்றுவரை செய்கிறேன்.

வெட்டும் முறை: வெயில் ஏறுமுன் வெட்ட வேண்டும். அப்போதுதான் காம்பில் தண்ணீர் நிறைந்திருக்கும். ரோஜாவை மொட்டு அவிழத் தொடங்கும்போதும், சம்பங்கிக் கதிரை அடிப்பூ இரண்டு விரிந்ததும், சாமந்தியை நன்றாக மலர்ந்த பிறகும் வெட்டலாம். கூரான கத்தி வேண்டும். மழுங்கிய கத்தரிக்கோல் காம்பை நசுக்கிவிடும். வாளியில் தண்ணீரைச் செடியருகே கொண்டுபோய், வெட்டியவுடன் காம்பை அதில் நிறுத்துங்கள்.

ஜாடியில் வைக்கும் முறை: காம்பின் அடியில் ஓர் அங்குலத்தைத் தண்ணீருக்குள் வைத்தே சாய்வாக நறுக்குங்கள். வெளியில் நறுக்கினால் காற்று புகுந்து, தண்ணீர் மேலே ஏறும் வழியை அடைத்துவிடும். தண்ணீரில் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள். அவை அழுகினால் கிருமி பெருகிக் காம்பு அடைத்துக் கொள்ளும். ஜாடியைச் சோப்புப் போட்டுக் கழுவி, தினம் தண்ணீர் மாற்றி, இரண்டு நாளுக்கு ஒருமுறை காம்பை மறுபடி நறுக்கினால் போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேஜைக்கரண்டி சர்க்கரை, இரண்டு மேஜைக்கரண்டி எலுமிச்சைச் சாறு கலக்கலாம். சர்க்கரை பூவுக்கு ஆகாரம். புளிப்பு இருந்தால் தண்ணீர் சுலபமாக ஏறும். ஆனால் சர்க்கரை போட்டால் கிருமியும் வளரும் என்பதால் தண்ணீர் மாற்ற மறக்கக்கூடாது. நேர் வெயிலும் மின்விசிறிக் காற்றும் படாத இடமாகப் பார்த்து வையுங்கள்.

பூஜை சாமான் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்கள் பலர் வாழைப்பழத்தையும் பூவையும் ஒரே மேடையில் அடுக்குகிறார்கள். இரவில் கதவைச் சாத்திய பிறகு வாயு வெளியே போக வழியில்லை. பழத்தை ஒரு மூலைக்கும் பூவை மறு மூலைக்கும் மாற்றி, காற்றோட்டத்துக்கு வழி வையுங்கள். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

இன்னொன்றும் உண்டு. சரக்கு கெட்டால் கொடுத்தவரைத் திட்டுமுன், நம் குடோனை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். நான் அன்று பார்த்திருந்தால், ஒரு நல்ல மனிதர் மூன்று வருடம் எங்கள் வாசலை மிதிக்காமல் இருந்திருக்க மாட்டார்.