காருக்குச் செயற்கை எண்ணெய் கட்டாயமா?

மாட்டு வண்டிகள் மிகுதியாக ஓடிய காலத்தில், அச்சுக்கு மை போடாமல் எந்த வண்டிக்காரரும் நெடும்பயணம் கிளம்பமாட்டார். வைக்கோலைச் சுட்ட கரியை விளக்கெண்ணெயில் குழைத்தால் வண்டி மை தயார். அச்சும் சக்கரத்தின் குடமும் ஒன்றையொன்று தேய்த்துவிடாமல் காப்பது அதன் வேலை. இன்றைய காரின் எஞ்சினில் ஊற்றும் எண்ணெயும் இதே வேலையைத்தான் செய்கிறது. உராய்வைக் குறைப்பதால் இதற்கு உயவு எண்ணெய் என்று பெயர்.

கடைக்குச் சென்று எஞ்சின் ஆயில் கேட்டால், ‘மினரல்’, ‘செமி சிந்தெடிக்’, ‘ஃபுல்லி சிந்தெடிக்’ என்று பல வகைகளை எடுத்து வைக்கிறார்கள். சிந்தெடிக் எனப்படும் செயற்கை எண்ணெயின் விலை மற்றவற்றைவிட அதிகம். “புதுக் காராயிற்றே, சிந்தெடிக்தான் ஊற்றவேண்டும்” என்பார் ஒருவர். “நம் ஊர் வெயிலுக்கு அதெல்லாம் எதற்கு? கெட்டியான எண்ணெய்தான் எஞ்சினைக் காக்கும்” என்பார் மற்றொருவர். இருவரில் யார் சொல்வது சரி? தவறான எண்ணெயை ஊற்றினால் எஞ்சின் கெடும். தேவையில்லாததை ஊற்றினால் பணம் விரயமாகும். ஆகவே இதனை இயற்பியலின் துணையுடன் ஆராய்வோம்.

மெல்லிய படலம் சுமக்கும் பாரம்

1883-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியியலார், ரயில் வண்டி அச்சுகளின் தாங்கிகளைப் பற்றிய தமது சோதனைகளை வெளியிட்டார். அச்சின்மீது அமர்ந்திருக்கும் தாங்கியின் உச்சியில், எண்ணெய் விடுவதற்காக அவர் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் எண்ணெய் உள்ளே இறங்குவதற்குப் பதிலாகத் துளை வழியே மேலே பொங்கி வந்தது! துளையைத் தக்கையால் அடைத்தார். தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரமுளையை அடித்தார், அதுவும் வெளியேறியது. பிறகு அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோது, தாங்கியின் மேலிருந்த சுமையின் சராசரி அழுத்தத்தைப்போல் இரு மடங்குக்கும் அதிகமான அழுத்தம் எண்ணெயில் இருப்பது தெரிந்தது.

இதன் காரணத்தை 1886-இல் ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ் கணித முறையில் விளக்கினார். சுழலும் அச்சு, தன்னைப் பற்றியுள்ள எண்ணெயைக் குறுகலான இடைவெளிக்குள் இழுத்துச் செல்கிறது. அங்கே நெருக்கப்படும் எண்ணெயில் அழுத்தம் உயர்ந்து, சுமையைத் தூக்கி நிறுத்துகிறது. உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை. கார் எஞ்சினின் கிராங்க் தண்டும் இவ்வாறே சில மைக்ரோமீட்டர் தடிப்புள்ள எண்ணெய்ப் படலத்தின்மீது மிதந்து சுழல்கிறது.

இந்தப் படலம் நிலைத்திருக்க எண்ணெய்க்குத் தக்க பாகுநிலை வேண்டும். பாகுநிலை குறைந்தால் படலம் கிழிந்து உலோகங்கள் தேயும். மிகுந்தாலோ, எண்ணெயைக் கலக்குவதற்கே எஞ்சினின் ஆற்றலில் ஒரு பகுதி செலவாகும். எஞ்சினைக் கிளப்பும்போது எண்ணெய் மேற்பகுதிகளை அடையவும் தாமதமாகும். ஆகவே ‘கெட்டியான எண்ணெயே நல்லது’ என்பது எல்லா எஞ்சினுக்கும் பொருந்தாது.

வெப்பநிலை செய்யும் மாற்றம்

எண்ணெயின் பாகுநிலை வெப்பநிலையைப் பொறுத்து வெகுவாக மாறும். பாகுநிலையை அளக்கும் அலகுகளுள் ஒன்று சென்டிஸ்டோக். 20 டிகிரி செல்சியஸில் தண்ணீருக்கு இது ஏறத்தாழ 1 ஆகும். சாதாரண 15டபிள்யூ-40 எண்ணெய்க்கு 40 டிகிரியில் சுமார் 110 சென்டிஸ்டோக். 100 டிகிரியில் சுமார் 14 தான். எஞ்சின் காலையில் கிளம்பும்போது ஒரு பாகுநிலை, சூடேறி ஓடும்போது அதில் ஒரு சிறு பங்கு! இந்த மாற்றம் எவ்வளவு குறைகிறதோ, எண்ணெய் அவ்வளவு நல்லது. இதனை மதிப்பிட 1929-இல் டீன், டேவிஸ் என்ற இருவர் பாகுநிலைக் குறியெண் என்ற அளவையை வகுத்தனர். குறியெண் உயர்ந்தால் மாற்றம் குறைவு என்று பொருள்.

டப்பாவில் காணும் 5டபிள்யூ-30 போன்ற குறிகளின் பொருளையும் அறிந்துகொள்வோம். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. 5டபிள்யூ என்ற குறியைப் பெற, எண்ணெய் −30 டிகிரியில் எஞ்சினைச் சுழலவிட வேண்டும். −35 டிகிரியிலும் பம்பினால் இழுக்கக்கூடியதாக இருக்கவேண்டும். 0டபிள்யூ எண்ணெய்க்கு இந்த வரம்புகள் இன்னும் 5 டிகிரி கீழே. பின்னால் வரும் 30, சூடான எஞ்சினுக்குரியது: 100 டிகிரியில் பாகுநிலை 9.3-க்குக் குறையாமலும் 12.5 சென்டிஸ்டோக்கை எட்டாமலும் இருக்கவேண்டும். 5, 30 ஆகியவை வெப்பநிலைகள் அல்ல, வகைப் பெயர்களே.

செயற்கை எண்ணெய் எது?

மார்கழிக் குளிரில் தேங்காயெண்ணெய் உறைந்துவிடுகிறது, நல்லெண்ணெய் உறைவதில்லை. தேங்காயெண்ணெயில் உள்ள நேரான சங்கிலி மூலக்கூறுகள் விறகுக் கட்டுப்போல நெருங்கி அடுக்கிக்கொள்வதே இதற்குக் காரணம். பெட்ரோலிய எண்ணெயிலும் இத்தகைய நேர்ச்சங்கிலி மூலக்கூறுகள் உள்ளன. இவைதாம் மெழுகு. கச்சா எண்ணெயைச் சுத்திகரித்துப் பெறும் கனிம எண்ணெயில் எவ்வளவு நீக்கினாலும் சிறிது மெழுகு, எளிதில் ஆவியாகும் சிறு மூலக்கூறுகள், ஆக்சிஜனுடன் விரைவில் சேர்ந்து பிசினாகும் மூலக்கூறுகள் எனப் பலவும் கலந்தே இருக்கும்.

செயற்கை எண்ணெயில் மூலக்கூறுகளை வேண்டியபடி கட்டுகிறார்கள். எத்திலீனிலிருந்து டெசீன் என்ற பொருளைப் பெற்று, அதன் மூலக்கூறுகளை மூன்று நான்காகப் பிணைத்தால் பாலிஆல்ஃபாஓலிஃபின் என்ற எண்ணெய் கிடைக்கிறது. ஏறக்குறைய ஒரே மாதிரியான, கிளைகள் கொண்ட மூலக்கூறுகள் அதில் உள்ளன. அவை நெருங்கி அடுக்கிக்கொள்ள இயலாததால் கடுங்குளிரிலும் எண்ணெய் ஓடும். வெப்பத்தில் குறைவாகவே ஆவியாகும். இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியர் இத்தகைய எண்ணெய்களைத் தயாரித்தனர். கார்களுக்கான மொபில் 1 அமெரிக்காவில் 1974-இல் விற்பனைக்கு வந்தது.

ஆனால் இன்று ‘சிந்தெடிக்’ என்ற பெயரில் விற்பவை அனைத்தும் இவ்வாறு கட்டப்பட்டவை அல்ல. பெட்ரோலிய எண்ணெயை உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜனுடன் வினைபுரியச் செய்து, மூலக்கூறுகளை உடைத்துத் திருத்தியும் தரமான எண்ணெய் பெறுகிறார்கள். இதன் பாகுநிலைக் குறியெண் 120 அல்லது அதற்கு மேல். கேஸ்ட்ரால் நிறுவனம் இத்தகைய எண்ணெயைச் செயற்கை எண்ணெய் என்று விளம்பரம் செய்தபோது, மொபில் நிறுவனம் ஆட்சேபித்தது. விளம்பரங்களைப் பரிசீலிக்கும் அமெரிக்க அமைப்பு ஒன்று 1999-இல் கேஸ்ட்ராலுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. எனவே ‘சிந்தெடிக்’ என்ற சொல் ஒரே பொருளின் பெயரன்று.

எஞ்சின் எதைக் கேட்கிறது?

எரிபொருளைச் சிக்கனப்படுத்துவதற்காக இன்றைய கார்கள் பலவற்றை 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய எண்ணெயில் ஓடும்படி அமைக்கிறார்கள். மைனஸ் 35 டிகிரிக் குளிர் சென்னைக்கு ஒருபோதும் வரப்போவதில்லை. அப்படியானால் இது நமக்கு வேண்டாமா? இங்கே குளிரைவிட வெப்பமே முக்கியம். சாதாரணக் கனிம எண்ணெயை இவ்வளவு மெல்லியதாக ஆக்கினால், சூட்டில் அது விரைவில் ஆவியாகிவிடும். எனவே நடைமுறையில் 0டபிள்யூ-20 என்பதைச் செயற்கை எண்ணெயாகவே தயாரிக்கிறார்கள். உங்கள் கார் இந்த வகையைக் கேட்டால், செயற்கை எண்ணெய் கட்டாயம் என்றே கொள்ளலாம்.

அந்தக் காரில் 20டபிள்யூ-50 போன்ற கெட்டி எண்ணெயை ஊற்றினால் என்ன ஆகும்? எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். வால்வுகள் திறக்கும் நேரத்தை எண்ணெய் அழுத்தத்தாலேயே மாற்றும் நுட்பமான அமைப்புகளும் சரிவர இயங்கா. டர்போ பொருத்திய எஞ்சினில் சோதனை இன்னும் கடுமை. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. அதன் ஒரு முனையைச் சுடுபுகை தாக்குகிறது. அங்கே தரங்குறைந்த எண்ணெய் கரியாகிப் படியும்.

இதற்கு மாறாக, 15டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-40 போதும் என்று தயாரிப்பாளரே சொல்லும் எஞ்சின்களும் உண்டு. அவற்றுக்கு அந்த வகையில் நல்ல கனிம எண்ணெயே போதும். அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கம் 2017-இல் இருவகை எண்ணெய்களையும் எட்டுவிதமான ஆய்வுக்கூடச் சோதனைகளில் ஒப்பிட்டது. செயற்கை எண்ணெய் சராசரியாக 47 சதவீதம் சிறந்திருந்தது. ஆனால் எஞ்சினின் ஆயுள் 47 சதவீதம் கூடும் என்று இதற்குப் பொருளல்ல. ஆவியாதல், குளிரில் ஓடுதல் போன்ற வெவ்வேறு பண்புகளின் சராசரியே அது. எஞ்சின் கேட்காத சிறப்புக்கு அதிக விலை கொடுப்பதால் பெரும் பயன் இல்லை.

சேர்க்கைப் பொருள்களின் பங்கு

எண்ணெயில் அழுக்கை நீக்குவதற்கும் தேய்மானத்தைத் தடுப்பதற்கும் பல வேதிப்பொருள்களைச் சேர்க்கிறார்கள். சிறிய டர்போ பெட்ரோல் எஞ்சின்களில், குறைந்த வேகத்தில் அதிக பாரம் ஏறும்போது தீப்பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொண்டு பிஸ்டனை உடைப்பதுண்டு. எண்ணெயிலுள்ள கால்சியம் சேர்மங்கள் இதைத் தூண்டுவதாகக் கண்டறிந்தனர். அதைத் தடுக்கும் சோதனைகளைக் கொண்ட ஏ.பி.ஐ. எஸ்.பி. என்ற தரம் 2020-இல் வந்தது. இந்தியாவில் 2020 ஏப்ரலில் பாரத் 6 விதிகள் வந்தபின், டீசல் கார்களின் புகைக்குழாயில் நுண்துகள் வடிகட்டி இடம்பெற்றது. சாம்பல் மிகுந்த எண்ணெயை ஊற்றினால் அந்த வடிகட்டி அடைத்துக்கொள்ளும். இவை எதையும் ‘சிந்தெடிக்’ என்ற சொல் நமக்குத் தெரிவிப்பதில்லை. செயற்கை எண்ணெயாக இருந்தும் உங்கள் எஞ்சினுக்குப் பொருந்தாததாக ஒன்று இருக்கக்கூடும்!

ஆகவே, செயற்கையா கனிமமா என்று கேட்பதற்கு முன், எந்தப் பாகுநிலை வகை, எந்தத் தரம் என்று கேட்கவேண்டும். விடை காருடன் வரும் கையேட்டில் உள்ளது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கார் இருந்தால், கையேட்டைக் கேட்டு வாங்கி அவ்விரண்டையும், எண்ணெய் மாற்றவேண்டிய கால அளவையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அடுத்தமுறை கடைக்குப் போகும்போது, டப்பாவின் முன்பக்கத்துப் பெரிய எழுத்துகளை விட்டு, பின்பக்கத்துச் சிறிய எழுத்துகளை அந்தத் தாளுடன் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.