காலை ஜெபமும் அரசியல் சாசன முகவுரையும்: கத்தோலிக்கப் பள்ளிகளின் முன் உள்ள கேள்வி

புதுதில்லி: தங்கள் பள்ளிகளில் பயிலும் பிற மத மாணவர்கள் மீது கிறிஸ்தவ மரபுகளைத் திணிக்கக் கூடாது என்று இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை 2024 ஏப்ரலில் தனது கல்வி நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. காலைக் கூட்டத்தில் அரசியல் சாசனத்தின் முகவுரையை நாள்தோறும் வாசிக்க வேண்டும். அதைப் பள்ளியின் நுழைவாயிலில் வைக்க வேண்டும். விடுதலைப் போராட்ட வீரர்கள், விஞ்ஞானிகள், கவிஞர்களின் படங்களை மாட்ட வேண்டும். எல்லா மதத்தினருக்கும் பொதுவான பிரார்த்தனை அறை ஒன்றை அமைக்க வேண்டும் என்பவையும் அந்த வழிகாட்டுதலில் இடம்பெற்றன.

நாடு முழுவதும் சுமார் 14 ஆயிரம் கத்தோலிக்கப் பள்ளிகளுக்குப் பொருந்தும் இந்த அறிவுரை, நிர்வாகச் சுற்றறிக்கை என்ற அளவில் முடிந்துவிடவில்லை. ஒரு மதச் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளியில், அந்த மதத்தின் இடம் எது என்ற பழைய கேள்வியை அது மீண்டும் எழுப்பியுள்ளது.

வளாகத்துக்குள் மதம்

கத்தோலிக்கப் பள்ளியின் ஓராண்டு, பாட அட்டவணையோடு திருச்சபையின் நாட்காட்டியையும் ஒட்டியே நகர்கிறது. வளாகத்தில் மாதாவின் கெபி, வகுப்பறைச் சுவரில் சிலுவை, அக்டோபரில் ஜெபமாலை, டிசம்பர் விடுமுறைக்கு முன் குடிலும் கிறிஸ்துமஸ் நாடகமும், சாம்பல் புதன் தொடங்கித் தவக்காலம். பள்ளியை நடத்தும் துறவற சபைக்கு ஏற்ப இந்த மரபுகள் மாறுபடும். இயேசு சபையினரின் பள்ளிகளில் ஜூலை 31-ம் தேதி புனித இக்னேஷியஸ் விழா என்றால், சலேசியர்களின் பள்ளிகளில் ஜனவரி 31-ம் தேதி டான் போஸ்கோ விழா.

ஆனால் இவை அனைத்தும் ஒரே தன்மையுடையவை அல்ல. கத்தோலிக்க மாணவர்களுக்கு மறைக்கல்வி நடக்கும் நேரத்தில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு நடத்துவது நெடுங்கால வழக்கம். பள்ளியில் திருப்பலி நிறைவேற்றப்பட்டாலும் அதில் நற்கருணை பெறுவோர் திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கர்களே. காலை ஜெபமும் விழாக்களும்தான் எல்லா மாணவர்களும் ஒன்றாக நிற்கும் இடம். பல பள்ளிகளில் அந்த ஜெபம் பொதுவான இறைவனை நோக்கியதாகவும், பல மத நூல்களின் வாசகங்கள் இடம்பெறுவதாகவும் மாறியிருக்கிறது. விழாத் தொடக்கத்தில் குத்துவிளக்கு ஏற்றுவது வழக்கமாகிவிட்டது.

கட்டாயம் கூடாது என்பது திருச்சபைக்கும் புதிதல்ல. இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965 டிசம்பர் 7-ம் தேதி வெளியிட்ட சமய சுதந்திரம் பற்றிய பிரகடனம், நம்பிக்கை விஷயத்தில் எவரையும் நிர்ப்பந்திக்கக் கூடாது என்று தெளிவாகவே கூறியது.

சாசனம் சொல்வது

மத, மொழிச் சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி கல்வி நிறுவனங்களை நிறுவி நிர்வகிக்கும் உரிமையை அரசியல் சாசனத்தின் 30-வது பிரிவு வழங்குகிறது. இந்த உரிமை பற்றிப் பேசுவோர் பெரிதும் கவனிக்காமல் விடுவது 28-வது பிரிவின் மூன்றாவது உட்பிரிவை. அரசின் அங்கீகாரமோ நிதி உதவியோ பெறும் பள்ளியில் பயிலும் எவரையும், அவரது ஒப்புதலின்றி, சிறுவராயின் பெற்றோர் அல்லது காப்பாளரின் ஒப்புதலின்றி, சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கும்படி கட்டாயப்படுத்தலாகாது என்கிறது அது. சமய போதனை நடத்துவதை இப்பிரிவு இத்தகைய பள்ளிகளுக்குத் தடை செய்யவில்லை, ஒப்புதலையே நிபந்தனையாக்குகிறது.

சிக்கலின் மற்றொரு முனை எண்ணிக்கை. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகையில் கிறிஸ்தவர்கள் 2.3 சதவீதம். அவர்களது பள்ளிகளில் படிப்போரில் ஏறத்தாழ 74 சதவீதம் பேர் சிறுபான்மைச் சமூகங்களைச் சேராதவர்கள் என்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2021-ல் வெளியிட்ட அறிக்கை தெரிவித்தது. கேரளக் கல்வி மசோதா குறித்து 1958-ல் கருத்துரைத்த உச்ச நீதிமன்றம், வெளியார் சிலரைச் சேர்த்துக்கொள்வதால் ஒரு நிறுவனம் தன் சிறுபான்மைத் தன்மையை இழந்துவிடாது என்றது. "சிலர்" என்பது நான்கில் மூவராகிவிட்ட பிறகும் அதே வாதம் நிற்குமா என்று விமர்சகர்கள் கேட்கின்றனர். கட்டாயக் கல்விச் சட்டத்திலிருந்து சிறுபான்மைப் பள்ளிகளுக்கு விலக்கு அளித்த 2014-ம் ஆண்டுத் தீர்ப்பைப் பெரிய அமர்வு மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2025 செப்டம்பரில் பரிந்துரைத்ததும் இங்கு குறிப்பிடத்தக்கது.

இதற்குத் திருச்சபைத் தரப்பில் மறுமொழி உண்டு. வாசலைப் பிறருக்கும் திறந்து வைத்ததையே குற்றமாக்கலாமா என்பது அது. கேரளத்தில் 1864-ல் ஒவ்வொரு ஆலயத்துக்கும் அருகே ஒரு பள்ளிக்கூடம் தொடங்கச் சொன்ன குரியாகோஸ் எலியாஸ் சவராவின் மரபை அவர்கள் சுட்டிக்காட்டுகின்றனர். 2014-ல் புனிதராக அறிவிக்கப்பட்ட அவரைப் போற்றி 2015 பிப்ரவரி 17-ம் தேதி தில்லியில் நடந்த விழாவில்தான், மத நம்பிக்கைச் சுதந்திரத்தை தமது அரசு முழுமையாக உறுதி செய்யும் என்று பிரதமர் மோடி அறிவித்தார். அதற்குச் சில நாள்களுக்கு முன்பு, தில்லி வசந்த் விஹாரில் உள்ள கத்தோலிக்கப் பள்ளி ஒன்றில் விஷமிகள் புகுந்திருந்தனர்.

அச்சத்தின் நிழல்

வழிகாட்டுதல் வெளிவந்த சூழலை அதற்கு முந்தைய நிகழ்வுகள் விளக்குகின்றன. 2021 டிசம்பர் 6-ம் தேதி மத்தியப் பிரதேசத்தின் கஞ்ச் பசோடா நகரில், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் தேர்வெழுதிக் கொண்டிருந்தபோது ஒரு கும்பல் கத்தோலிக்கப் பள்ளியைத் தாக்கியது. மாணவர்கள் எட்டுப் பேரை மதம் மாற்றிவிட்டனர் என்பது குற்றச்சாட்டு. உள்ளூர்ப் பங்கு ஆலயத்தில் கத்தோலிக்கக் குடும்பங்களின் குழந்தைகளுக்கு நடந்த புதுநன்மைச் சடங்கே மதமாற்றமாகத் திரித்துக் கூறப்பட்டது என்று பள்ளித் தரப்பு விளக்கியது. பிறப்பிலேயே கத்தோலிக்கரான குழந்தை முதன்முறையாக நற்கருணை பெறும் சடங்கு அது என்பது வெளியே பலருக்கும் தெரிந்திருக்கவில்லை.

2024 பிப்ரவரியில் அசாமில், பள்ளி வளாகங்களிலிருந்து இயேசு, மரியாள் சுரூபங்களையும் சிலுவைகளையும் அகற்ற வேண்டும், குருக்களும் கன்னியரும் துறவற உடையில் பள்ளிக்கு வரக் கூடாது என்று சில அமைப்புகள் கெடு விதித்தன. வழிகாட்டுதல் வெளியான அதே ஏப்ரலின் 16-ம் தேதி, தெலங்கானாவின் மஞ்சேரியால் மாவட்டத்தில் அன்னை தெரசா பெயரிலான பள்ளி தாக்கப்பட்டது. அனுமன் தீட்சை உடையில் வந்த மாணவர்களிடம் நிர்வாகம் விளக்கம் கேட்டதே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது.

உடை விவகாரம் ஒரு தரப்புக்கு மட்டும் உரியதல்ல. திருவனந்தபுரத்தில் கத்தோலிக்கத் துறவற சபை நடத்தும் பள்ளியில் தலைத்துணி அணிய அனுமதி கோரிய முஸ்லிம் மாணவியரின் மனுவை, நிறுவனத்தின் உரிமையே மேலானது என்று கூறி 2018-ல் கேரள உயர் நீதிமன்றம் ஏற்க மறுத்தது. 2025 அக்டோபரில் கொச்சியில் இதே கேள்வி மீண்டும் பெரும் சர்ச்சையானது. தன் சிலுவைக்கு மதிப்பு கோரும் பள்ளி, மாணவியின் தலைத்துணிக்கு என்ன பதில் சொல்லப் போகிறது என்ற கேள்வியை எந்தத் தீர்ப்பும் முழுமையாக அடக்கிவிடவில்லை.

ஒப்புதலே வழி

2023 டிசம்பரில் மத்தியப் பிரதேசத்தின் ஷாஜாபூர் மாவட்டக் கல்வி அதிகாரி, மாணவர்களுக்குக் கிறிஸ்துமஸ் தாத்தா வேடமிடுவதற்கு முன் பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதலைப் பெற வேண்டும் என்று உத்தரவிட்டார். ஒப்புதல் என்ற நெறி சாசனத்தில் உள்ளதே. ஆனால் ஒரு மதத்தின் விழாவுக்கு மட்டும் அதை வலியுறுத்தி, அரசுப் பள்ளிகளில் பிற மத வழிபாடுகள் நடக்கும்போது மௌனம் காத்தால், அது பாதுகாப்பு ஆகாது, பாகுபாடே ஆகும்.

கத்தோலிக்கப் பள்ளிகளுக்கும் இதில் ஒரு பொறுப்பு உண்டு. எது கத்தோலிக்கருக்கு மட்டும் உரியது, எது அனைவருக்கும் பொது, எதிலிருந்து ஒரு மாணவர் விலகியிருக்கலாம் என்பவை சேர்க்கைப் படிவத்திலேயே எழுதப்பட்டு, பெற்றோரின் கையொப்பத்துடன் பதிவானால் சந்தேகங்களில் பெரும்பகுதி தானாகவே விலகும். 28-வது பிரிவு எதிர்பார்ப்பதும் அதையே.

முகவுரை வாசிப்பதால் ஜெபம் தேவையற்றதாகிவிடாது. இப்பள்ளிகளை நம்பியிருக்கும் ஏழைக் கத்தோலிக்கக் குடும்பத்துக் குழந்தைக்குத் தன் மறையைக் கற்கும் உரிமை இருக்கிறது. 30-வது பிரிவின் பயன் முதலில் சேர வேண்டியது அந்தக் குழந்தைக்குத்தான். அச்சத்தின் காரணமாக மறைக்கல்வி வகுப்பே மெல்ல மறையுமானால், பிறர் மீது திணிப்பதைத் தவிர்க்க எழுதப்பட்ட வழிகாட்டுதல், தன் பிள்ளைகளுக்கு உரியதையே மறுத்த கதையாகிவிடும். பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் பிற மதக் குழந்தையோ, விலகி நிற்க விரும்பினால் தயக்கமின்றி அதைச் சொல்ல முடிய வேண்டும். இவ்விரண்டு குழந்தைகளின் உரிமையும் ஒரே வகுப்பறையில் காக்கப்படும்போதுதான் காலைக் கூட்டத்தில் வாசிக்கப்படும் முகவுரைக்குப் பொருள் இருக்கும்.