கூட்டல்-கழித்தல் குறிக்குப் பக்கத்தில் நிற்பது எந்த எண்?

முதுநிலை நர்சிங் ஆய்வேடுகளை ஒப்படைக்கும் நாள் நெருங்க, வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது: அட்டவணையில் சராசரியை அடுத்து, கூட்டல்-கழித்தல் குறியோடு வரும் எண் எதைச் சொல்கிறது? திட்ட விலக்கமாகவும் இருக்கலாம், திட்டப் பிழையாகவும் இருக்கலாம். முன்னது நோயாளிகள் தங்களுக்குள் எவ்வளவு வேறுபடுகிறார்கள் என்று காட்டும். பின்னது ஆய்வாளர் கண்ட சராசரி எவ்வளவு துல்லியம் என்று காட்டும். நோயாளியைப் பற்றி எதுவும் சொல்லாது. திட்ட விலக்கத்தை நோயாளிகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைப்பதே திட்டப் பிழை. சிக்கலின் வேர் இந்த வகுத்தல்தான். 100 பேரின் மேல் ரத்த அழுத்தம் சராசரி 140, திட்ட விலக்கம் 20 என்று வைத்துக்கொள்வோம்; திட்டப் பிழை வெறும் 2. அந்த 2-ஐ மட்டும் அச்சிட்டால் எல்லோரும் 138-க்கும் 142-க்கும் இடையில் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் பரவல் இயல்நிலைப் பரவலாக இருந்தாலும் 100 முதல் 180 வரை போனால்தான் சுமார் 95 சதவீதம் பேர் அடங்குவார்கள். 100-க்குப் பதில் 400 பேரைச் சேர்த்தால் திட்டப் பிழை 1 ஆகிவிடும். நோயாளிகளுக்கிடையிலான வேறுபாடு குறைந்திருக்காது.

இரண்டு மருந்துகளின் சராசரியை ஒப்பிடத் திட்டப் பிழை வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும், அதை நம்பக இடைவெளியாகப் பெயர் சொல்லியே தரலாம். திட்ட விலக்கமும் திட்டப் பிழையும் குழப்பிக்கொள்ளப்படுவதைப் புள்ளியியலாளர்கள் ஆல்ட்மனும் பிளாண்டும் 2005-லேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் விளக்கிவிட்டார்கள். சிகிச்சையை டாக்டர் முடிவு செய்ய, நர்ஸுக்கு இது எதற்கு என்ற வாதத்தை ஏற்க முடியாது. நைட் டியூட்டியில் 165 என்ற அளவைப் பார்த்து டாக்டரைக் கூப்பிடுவதா, சற்றுப் பொறுத்து மறுபடி அளப்பதா என்று முதலில் யோசிப்பவர் நர்ஸ்தான்.

மருத்துவமனைகள் பெருமையாக வெளியிடும் 'சராசரி தங்கும் நாள்' கணக்கையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். சராசரி 5 நாள், திட்ட விலக்கம் 6 என்றால், கழித்ததுமே பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. யாரும் மைனஸ் ஒரு நாள் தங்க முடியாது. நீண்ட நாள் கிடந்த சிலர் சராசரியை மேலே இழுத்திருக்கிறார்கள் என்பதற்கு இதுவே சான்று. அங்கே இடைநிலை அளவைக் கேளுங்கள். சீக்கிரம் இறந்தவர்களும் வேறிடம் அனுப்பப்பட்டவர்களும்கூடச் சராசரியைக் குறைப்பார்கள். அதை வைத்துச் சிகிச்சை சிறந்தது என்று சொல்ல முடியாது.

இனிச் சில குறுங்கேள்விகள். அதிகம் பேரிடம் காணப்படும் மதிப்பான முகட்டை எப்போது தருவது? ரத்த வகை போன்ற வகைப்பாடுகளுக்கு.

சதவீதம் மட்டும் தந்தால்? எத்தனை பேரில் என்று கேளுங்கள்.

கூட்டல்-கழித்தல் குறிக்குப் பக்கத்தில் நிற்பது எந்த எண் என்று ஆய்வுக் கட்டுரை சொல்லாவிட்டால்? அதை எழுதியவரிடமே கேளுங்கள். பதில் வரும்வரை அந்த எண்ணை ஆய்வேட்டில் சேர்க்காதீர்கள்.