ஸ்மிர்னோவ்கள் ஏன் இத்தனை பேர்?

ரஷ்யாவில் மிகப் பரவலான குடும்பப் பெயர்களில் முன்வரிசையில் நிற்பது ஸ்மிர்னோவ். இத்தனை பேரும் ஒரே மூதாதையின் வாரிசுகளா? இல்லை.

பழைய ரஷ்யக் குடியானவர் வீடுகளில் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, புழங்கும் பெயர் வேறு. அழுது அடம்பிடிக்காத பிள்ளை 'ஸ்மிர்னோய்', அதாவது சாது. சிறுவயதில் ஒட்டிய பெயர் பெரியவனானாலும் போகாது. அவன் மகன் ஸ்மிர்னோவ், மகள் ஸ்மிர்னோவா. 'ஓவ்' விகுதி 'இன்னாருடைய' என்று காட்டுவது.

சாதுப் பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. எனவே இந்தப் பெயர் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் பல கிராமங்களில் தனித்தனியே முளைத்தது. 1861-இல் பண்ணையடிமை முறை ஒழிந்தபின், அதுவரை குடும்பப் பெயர் இல்லாத குடியானவர்கள் பலருக்கும் பதிவேட்டில் பெயர் தேவைப்பட்டது. ஏற்கெனவே வழங்கிய பெயர்கள் நிலைபெற்றன.

ஆனால் பரவல் சீரானதல்ல. மேல் வோல்கா கரையின் கொஸ்த்ரமா, யாரஸ்லாவ்ல், இவானவா பகுதிகளில் ஸ்மிர்னோவ்கள் மிக அடர்த்தி. கொல்லன் மகனின் பெயரும் இப்படி வட்டாரத்துக்கேற்ப மாறும்: ரஷ்யாவின் பெரும்பகுதியில் குஸ்னெத்ஸோவ், கொல்லனைக் 'கோவல்' என்று அழைக்கும் தெற்கிலும் மேற்கிலும் கோவல்யோவ். ஆகவே ஒரே பெயர் என்பது ஒரே ரத்தம் என்பதற்குச் சான்றாகாது. எந்தச் சொல் எந்த வட்டாரத்தில் வழங்கியது என்பதற்கே அது சான்று.