பேட்டி பெரிதா, பணிமூப்பு பெரிதா?

சித்தூர், திருப்பதி வட்டாரக் கிராம வங்கிக் கிளைகளில் பதவி உயர்வுப் பட்டியல் வந்துவிட்டால் பேச்சு ஒன்றுதான்: மேலாளர் ஆனது யார், யாரைத் தாண்டி ஆனார்?

பேட்டிக்குப் போகிறவர் வெளியாள் அல்ல. அவருடைய பணிக் குறிப்பு தேர்வுக் குழுவின் மேஜையில் ஏற்கெனவே இருக்கிறது. வேர்க்கடலைப் பயிர்க் கடன், நகைக் கடன், மகளிர் குழுக் கடன் எல்லாம் அவருக்கு மனப்பாடம். 'உங்கள் கிளையில் வாராக் கடன் ஏன் ஏறியது?' என்று கேட்டால்தான் சிக்கல். மேலாளரைக் கைகாட்டினால் விசுவாசமில்லாதவர். தன்னையே கைகாட்டினால் லாயக்கில்லாதவர். இருபது வருடம் கடன்காரர்களின் வீடு தேடி அலைந்தவர் இங்கே திணற, நேற்று வந்தவர் சரளமாகப் பேசிவிட்டுப் போகலாம்.

அந்தச் சில நிமிடங்களுக்கு எவ்வளவு எடை? கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. பதவி உயர்வுக்கு அடிப்படை 'பணிமூப்பும் தகுதியும்' என்றது விதி. சில கிராம வங்கிகளோ எல்லாவற்றுக்கும் மார்க் போட்டு, கூட்டி, அதிகம் வாங்கியவரை ஏற்றிவிட்டன. கடப்பாவைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த ராயலசீமா கிராமீண வங்கியும் அந்த வழக்கில் இருந்தது. 1998 தீர்ப்பு தெளிவானது: நிர்வாகத்துக்குத் தேவையான குறைந்தபட்சத் தகுதி இருந்தால், இளையவர் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் மூத்தவருக்கே முன்னுரிமை. அந்தக் குறைந்தபட்சத்தை அளக்கப் பேட்டி வைக்கலாம் என்று பின்னாளில் இன்னொரு தீர்ப்பு சொன்னது. ஆக, வேலியைத் தாண்டினால் போதும். பந்தயத்தில் முதலில் வர வேண்டியதில்லை. விதி 'தகுதி' என்று மட்டும் சொல்லும் பதவிகளில் கதை வேறு. அங்கே மார்க்தான் ராஜா.

மூத்தவர்களின் இன்றைய கவலை பட்டியலின் நீளம். சித்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு, இந்தியன் வங்கியின் ஆதரவில் இயங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா கிராமீண வங்கி 2006இல் சப்தகிரி கிராமீண வங்கியில் கலந்தது. 2025 மே 1இல் சப்தகிரியும் ஆந்திரப் பிரதேச கிராமீண வங்கிக்குள் போயிற்று. தலைமையிடம் என்ற அந்தஸ்து சித்தூரை விட்டுப் போனது. வங்கியின் எல்லை இப்போது மாநிலம் முழுவதும்.

மேலாளரானால் ஸ்ரீகாகுளம் வரைகூட மாற்றல் வரலாம். வீட்டில் தமிழ் பேசும் சித்தூர்க்காரருக்கு வேலூர் கூப்பிடு தூரம். ஸ்ரீகாகுளமோ ஒடிசா எல்லை. 'எங்கே போட்டாலும் போவீர்களா?' என்று குழு கேட்டால் தயங்காமல் 'போவேன்' என்றாக வேண்டும். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்துவர முடியாது.