கியர்பாக்ஸில் ஒரு சிறு கசிவு



உங்களில் சொந்தக் கார் வைத்திருப்போர் பலர். சபை வண்டியைப் பராமரிக்கும் பொறுப்பில் இருப்போரும் சிலர் உண்டு. ஆகவே இம்முறை மிகச் சிறியதொரு பொருளைக் குறித்து எழுத விரும்புகிறோம். அது கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் கியர் தண்டைச் சுற்றியிருக்கும் ஆயில் சீல். உள்ளங்கையில் அடங்கிவிடும் இந்த வளையம் கெட்டுப்போக, அதை நாம் கவனியாது விட்டால், முழு கியர்பாக்ஸையும் இழக்க நேரிடும்.

1992 முதல் 2000 வரை வெளிவந்த ஹோண்டா சிவிக் காரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஓட்டுநர் கியரை மாற்றும்போது, காரின் அடியில் உள்ள ஒரு கம்பி, கியர்பாக்ஸிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தண்டைத் தள்ளவும், இழுக்கவும், திருப்பவும் செய்கிறது. தண்டு அசைய வேண்டும். ஆனால் ஆயில் வெளியே வரக்கூடாது. இவ்விரண்டையும் ஒருங்கே காப்பதுதான் சீலின் வேலை. அதன் ரப்பர் உதடு தண்டை இறுகப் பற்றிக்கொண்டிருக்கும். வெளியே ஒரு ரப்பர் உறை மண்ணும் நீரும் அணுகாதபடி மூடியிருக்கும்.

இது ஏன் கெடுகிறது? முதலாவது, வயது. வருடக்கணக்கான சூட்டில் ரப்பர் இறுகி, வளையும் தன்மையை இழக்கிறது. இரண்டாவது, வெளியுறை கிழிதல். கிழிந்த உறை வழியாக மணல் புகுந்து சீலின் உதட்டை அறுக்கிறது. தண்ணீர் புகுந்து தண்டில் துருவை உண்டாக்குகிறது.

இந்தக் கசிவின் ஆபத்து, அது மெதுவாக நடப்பதிலேயே இருக்கிறது. இந்தக் காரின் கியர்பாக்ஸில் ஆயில் அளவு பார்க்கும் குச்சி கிடையாது; எச்சரிக்கை விளக்கும் கிடையாது. உள்ளே கொள்வது ஏறத்தாழ 1.8 லிட்டர் மட்டுமே. கியர்களுக்கும் சக்கரங்களைச் சுழற்றும் டிஃபரென்ஷியலுக்கும் அந்த ஒரே ஆயில்தான். அது குறையும்போது பேரிங்குகள் தேய்ந்து இரையத் தொடங்கும். அந்தச் சத்தம் நம் காதில் விழும்போது சேதம் ஏற்கெனவே நேர்ந்திருக்கும்.

சீலை மாற்றுவதற்கு முன், கசிவு எங்கிருந்து வருகிறது என்பதை உறுதி செய்ய வேண்டும். எஞ்சின் ஆயிலும், சக்கர அச்சின் சீலிலிருந்து வரும் ஆயிலும் காற்றில் சிதறி அதே இடத்தில் படியக்கூடும். அடிப்பாகத்தை நன்றாகத் துடைத்து, சிறிது தூரம் ஓட்டி, மீண்டும் பாருங்கள். தண்டின் உறைக்குள்ளிருந்து ஆயில் சொட்டினால் காரணம் தெளிவாகிவிடும்.

கியர்பாக்ஸைக் கீழே இறக்க வேண்டியதில்லை என்பது நல்ல செய்தி. முறை இதுவே:

1. காரைச் சமதளத்தில் உயர்த்தி, உறுதியான ஸ்டாண்டுகள்மேல் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி ஒருவரும் காரின் அடியில் செல்லலாகாது. ஜாக் சரிந்து உயிர்போன குடும்பங்கள் உண்டு. சைலன்சர் குழாய் அருகிலேயே செல்வதால் அது ஆறும்வரை பொறுத்திருங்கள்.

2. ஆயில் ஊற்றும் போல்ட்டை முதலில் தளர்த்துங்கள். அது திறந்த பின்னரே கீழ் போல்ட்டைக் கழற்றி ஆயிலை வடியுங்கள். மாறாகச் செய்து, மேல் போல்ட் இறுகிப்போயிருந்தால், காலியான கியர்பாக்ஸோடு நிற்க வேண்டியதாகும்.

3. ரப்பர் உறையைப் பின்னே தள்ளி, கிளிப்பை எடுத்து, தண்டையும் கம்பியையும் இணைக்கும் 8 மில்லிமீட்டர் முளையைப் பஞ்ச் வைத்துத் தட்டி வெளியேற்றுங்கள். இதுவே இவ்வேலையில் பொறுமையைச் சோதிக்கும் கட்டம். துரு இருந்தால் துரு இளக்கும் எண்ணெயை முன்கூட்டியே விட்டு ஊறவிடுவது நலம்.

4. தண்டு தன் இடத்திலேயே இருக்கும். பழைய சீலை மட்டும் கொக்கியால் நெம்பி எடுங்கள். தண்டிலோ சீல் அமரும் குழியிலோ கீறல் விழக்கூடாது. கீறல் விழுந்தால் புதிய சீலும் கசியும்.

5. தண்டிலுள்ள லேசான துருவை மெல்லிய எமரித் தாளால் தேய்த்துத் துடையுங்கள். துரு ஆழமாக அரித்திருந்தால் சீலை மட்டும் மாற்றிப் பயனில்லை. தண்டையும் கவனிக்க வேண்டும்.

6. புதிய சீலின் உதட்டில் கிரீஸ் தடவுங்கள். முளைத் துளையின் கூர்விளிம்பு உதட்டைக் கிழிக்காதபடி தண்டின் நுனியில் மெல்லிய டேப் சுற்றுங்கள். சீலின் வெளிவிட்டத்திற்கு ஏற்ற குழாயை வைத்து, கோணாமல், பழையது இருந்த ஆழத்திற்கே தட்டி அமர்த்துங்கள். பின்பு டேப்பை அகற்றிவிடுங்கள்.

7. புதிய முளையும், கிழிந்திருந்தால் புதிய உறையும் போடுங்கள். பழைய உறையை மிச்சம் பிடித்தால் அதே வேலை மீண்டும் வரும்.

8. புதிய வாஷர்களுடன் கீழ் போல்ட்டை 39 நியூட்டன் மீட்டர் அளவிற்கு முறுக்கி, மேல் துளையின் விளிம்பு வரை ஆயில் ஊற்றுங்கள். பின்பு மேல் போல்ட்டை 44 அளவிற்கு முறுக்குங்கள். ஹோண்டாவின் கையேட்டில் குறித்த ஆயிலையே வாங்குங்கள். கடைக்காரர் ஏதோவொரு கெட்டியான கியர் ஆயிலைக் கொடுத்தால் ஏற்க வேண்டாம். குளிரில் கியர் விழுவதே கடினமாகும்.

காரை இறக்குமுன் எல்லா கியர்களும் விழுகின்றனவா என்று பாருங்கள். ஒரு வாரம் ஓட்டியபின் மறுபடியும் அடியில் பாருங்கள். வறண்டிருந்தால் வேலை முடிந்தது.

இதைத் தாங்களே செய்ய இயலாதவர்கள் நம்பிக்கையான மெக்கானிக்கிடம் கொடுக்கலாம். எப்படியாயினும், காரை நிறுத்தும் இடத்தில் ஒரு எண்ணெய்க் கறை கண்டால் அதைக் கடந்து போய்விடாதீர்கள். சீலின் விலை சொற்பமே. கியர்பாக்ஸின் விலை அப்படியல்ல.